உப்புக் காற்றும் மெழுகுப் பூச்சும்

பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டியை நோக்கிச் செல்லும் வீதியில், சோளகக் காற்று வீசும் மாதங்களில் பயணம் செய்தோர் ஒன்றைக் கவனித்திருப்பர். காலையில் துடைத்து வைத்த வாகனக் கண்ணாடியில் மாலைக்குள் மெல்லிய வெண்படலம் படிந்துவிடுகிறது. விரலால் தொட்டு நாவில் வைத்தால் கரிக்கும். மேற்கே இந்து சமுத்திரம், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே சில மைல் அகலமேயான மணற்பூமி. அலை உடைந்து எழுப்பும் நுண்துளிகளைக் காற்று சுமந்து வந்து தென்னோலையிலும் தகரத்திலும் மோட்டார் வாகனத்திலும் ஒருசேரத் தெளிக்கிறது. தென்னை இதைப் பொருட்படுத்துவதில்லை. இரும்பு தாங்குவதில்லை.

ஆகவேதான் இவ்வூரில் வாகனம் வைத்திருப்போர், மீன் ஏற்றும் லொறியின் சொந்தக்காரர் முதல் முச்சக்கர வண்டிச் சாரதி வரை, வாரத்தில் ஒரு நாளாவது வாளியும் துணியுமாக முற்றத்தில் நிற்கிறார்கள். எந்தச் சவர்க்காரம் நல்லது, எந்தத் துணி கீறாது, எந்த மெழுகு நிற்கும் என்பவை அவர்களுடைய அன்றாடக் கேள்விகள். கடைத்தட்டில் விடைகளுக்குக் குறைவில்லை. வண்ண வண்ணப் புட்டிகளாக அவை அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. இலக்கிய ஏட்டிலே கார் கழுவும் கதை எதற்கு என்று நண்பர் சிலர் முகஞ்சுளிக்கலாம். கற்பிட்டியின் வரலாறு என்றதும் 1667 முதல் 1676 வரை ஒல்லாந்தர் கட்டிய கோட்டையையும், 1807-இல் இங்கே பிறந்து, தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 'தமிழ் புளூட்டாக்' என்ற பெயரில் 1859-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டியையும், தலவில் புனித அன்னம்மாள் ஆலயத்தையும் சொல்லி முடிப்பது வழக்கம். அவற்றைச் சொல்ல வேண்டாம் என்பது நம் கருத்தன்று. ஆனால் ஒரு புட்டிக்குள் இருப்பது எங்கிருந்து வந்தது, யார் கையால் வந்தது, கழுவி முடிந்தபின் எங்கே போகிறது என்னும் மூன்றும் வரலாற்றுக் கேள்விகளே. அவற்றைக் கேளாமல் புட்டியைத் தெரிவு செய்கிறவர், விளம்பரக்காரன் தெரிவு செய்ததையே வாங்கிக்கொண்டு போகிறார்.

உப்பிலிருந்து ஒரு பொருளைக் காக்கும் கலை மோட்டார் வாகனத்தோடு இக்கரைக்கு வந்ததன்று. இந்து சமுத்திரக் கரையெங்கும் மரக்கலம் கட்டியோர் சுறாவின் ஈரலை உருக்கி எடுத்த எண்ணெயைப் பலகைக்குப் பூசினர். குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சிப் பொருத்துவாய்களை அடைத்தனர். நாற்றம் சகிக்க முடியாதது, பார்வைக்கும் அழகன்று. நீரும் புழுவும் மரத்துள் நுழையாமல் தடுப்பதே அதன் வேலை. வீட்டுக்குள்ளே வேறு வகைத் துலக்கல் இருந்தது. பித்தளை விளக்குக்குப் புளியும் சாம்பலும்; பொன்னாபரணத்துக்குப் பூந்திக்கொட்டை நுரை; கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைப் பொடித்தால் கிடைக்கும் மென்மையான சுண்ணத் தூள். நாட்டு வைத்தியர் அதற்குக் 'கடல்நுரை' என்று அழகிய பெயரிட்டனர். பத்தர்கள் அவ்வோட்டைக் குடைந்து அச்சாகவும் பயன்படுத்தினர்.

இவ்விரண்டையும் நாம் வேண்டுமென்றே பிரித்துச் சொல்கிறோம். படகுக்குப் பூசியது காப்பு. விளக்குக்குத் தேய்த்தது ஒளி. காப்பு ஒரு படலத்தை மேலே சேர்க்கிறது. துலக்கல் ஒரு படலத்தை உராய்ந்து எடுக்கிறது. பித்தளை விளக்கு தடித்த உலோகம். நூறு ஆண்டு தேய்த்தாலும் தாங்கும். மோட்டார் வாகனத்தின் பூச்சு அப்படிப்பட்டதன்று. இன்றைய கார்களில் நிறத்தின் மேலே பூசப்பட்டிருக்கும் தெளிந்த மேற்பூச்சு, பெரும்பாலும் ஒரு தலைமயிரின் பருமன்கூட இல்லை. கடையில் 'பொலிஷ்' என்று விற்கப்படும் குழம்பில் உராய்பொடி கலந்திருக்கிறது. 'வாக்ஸ்' என்று விற்கப்படுவதில் பொதுவாக அது இருப்பதில்லை. இரண்டும் ஒரே தட்டில், ஏறத்தாழ ஒரே விலையில், ஒரே மினுக்கத்தை வாக்களித்து நிற்கின்றன. மாதந்தோறும் பொலிஷ் போட்டு வாகனத்தை அன்போடு பேணுவதாக எண்ணுகிறவர், மாதந்தோறும் அதன் தோலைச் சிறிது சிறிதாக உரித்துக்கொண்டிருக்கிறார்.

இந்தக் குழப்பம் எப்படித் தோன்றியது என்பதற்கு ஒரு கதை உண்டு. ஆதியில் மோட்டார் வாகனம், குதிரை பூட்டாத வண்டியே. வண்டிக்குப் பூசிய ஆளிவிதை எண்ணெய் வார்னிஷையே அதற்கும் பூசினார்கள். பல முறை பூசவேண்டும், ஒவ்வொன்றும் உலரவேண்டும். ஒரு வண்டி முடிய வாரக்கணக்காகும். ஃபோர்ட் தம்முடைய 'மொடல் ரீ' வண்டியை 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்திலேயே விற்றமைக்கு அவருடைய பிடிவாதம் காரணம் என்று கதை சொல்வார்கள். மலிவானதும் வலிதானதுமான கறுப்புப் பூச்சு, ஓயாது ஓடும் உற்பத்தி வரிசைக்கு ஒத்துப்போயிற்று என்பதே மெய். 1923-இல் டூ பொன்ற் கம்பனியின் 'டூக்கோ' பூச்சு ஜெனரல் மோட்டர்ஸின் ஓக்லண்ட் வண்டிகளில் ஏறியதும் நிலைமை மாறியது. பருத்தியை நைத்திரிக் அமிலத்தில் ஊறவைத்துப் பெறும் பொருள் அது. வெடிமருந்துப் பஞ்சின் உடன்பிறப்பு. முதலாம் உலகப் போரில் வெடிமருந்து விற்றுக் கொழுத்த கம்பனி, சமாதான காலத்தில் அதே இரசாயனத்தைக் காருக்கு நிறமாக விற்றது. வாரக்கணக்கில் உலர்ந்தது மணிக்கணக்கில் உலர்ந்தது. ஆனால் டூக்கோ உலர்ந்தபின் மங்கலாகவே இருக்கும், தேய்த்தால்தான் ஒளிரும். வெயிலில் நின்றால் சுண்ணாம்புபோல் வெளிறும், மறுபடி தேய்க்கவேண்டும். வெளிறிய மேற்படலத்தை உராய்ந்து எடுப்பது அந்தப் பூச்சுக்கு மெய்யாகவே தேவையாயிருந்தது. பின்னர் பூச்சு மாறியது. 1980-களிலிருந்து தெளிந்த மேற்பூச்சு உலகெங்கும் பரவியது. தேய்க்கும் பழக்கமும் தேய்ப்புக் குழம்பின் வியாபாரமும் மட்டும் மாறாமல் நின்றன.

அக்காலத்துத் தேய்ப்பாளரைப் பற்றியும் ஒரு சொல். பூச்சுகளுக்கிடையே உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கும்போது ஈயம் கலந்த நிறத்தூள் தொழிற்சாலையெங்கும் பறந்து உழைப்பாளரின் சுவாசத்தில் புகுந்தது. 1921-இல் அமெரிக்காவில் த்ரீ எம் கம்பனி வெளியிட்ட, நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள் அந்தத் தூசியைக் குறைத்தது. பிரான்சிஸ் ஓக்கி என்னும் மை வியாபாரி கண்டுபிடித்தது அது. நீர் ஊற்றித் தேய் என்ற எளிய விதி, ஒரு மனிதனின் நுரையீரலைக் காக்கும் விதியாகவே தொடங்கியது. இன்று நம் ஊர்ப் பெயின்ற் கடைகளில் இளைஞர்கள் முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இருகலவைப் பூச்சை விசிறுகிறார்கள். அதிலுள்ள ஐசோசயனேற்று ஆஸ்துமாவை உண்டாக்கும் என்பது உலகறிந்த உண்மை. கைக்குட்டை அதைத் தடுக்காது.

கழுவுகிறவன் யார் என்பதைப் பொறுத்தே கழுவும் பொருளும் மாறி வந்திருக்கிறது. லொறிக்கு ஒரு சாரதி, ஒரு 'கிளீனர்' என்பது நம் நாட்டிலும் தமிழ்நாட்டிலும் வழக்கு. அந்தக் கிளீனர் மூட்டை ஏற்றுவான், கயிறு கட்டுவான், ஏற்றத்தில் சில்லுக்குக் கட்டை வைப்பான், இரவில் லொறிக்குக் காவல் இருப்பான். ஆனாலும் அவனுடைய பெயர் துடைப்பவன் என்பதே. அவனுக்குக் கொடுக்கப்பட்ட கருவி கிழிந்த சாரமும் மண்ணெண்ணெயும். கைக்கூலி மலிவாக இருக்குமிடத்தில் யாரும் நல்ல துணி வாங்கிக் கொடுப்பதில்லை. மேல்நாட்டில் வேலையாளை வைத்திருக்க இயலாத நடுத்தர வகுப்பார் தாமே வாகனம் ஓட்டி, தாமே கழுவத் தொடங்கியபோதுதான் அவர்களுக்கென்று புட்டியும் பஞ்சும் தோலும் அடங்கிய பெரும் வியாபாரம் எழுந்தது. சிமொனைஸ் கம்பனி 1910-இல் சிக்காகோவில் தோன்றியது இந்தப் பின்னணியில்தான். இங்கே இரண்டு காலமும் ஒருங்கே நடக்கின்றன. ஒரு முற்றத்தில் ஆசிரியர் தம் காரை ஜப்பானிய மெழுகால் தடவுகிறார்; அடுத்த வளவில் பதினேழு வயதுப் பையன் மண்ணெண்ணெய்த் துணியால் லொறியைத் துடைக்கிறான்.

இனிப் புட்டிக்குள் வருவோம். முதலில் சவர்க்காரம். புத்தளம் மாவட்டம் தென்னை முக்கோணத்தின் ஒரு மூலை. தேங்காயெண்ணெயிலிருந்து செய்த சவர்க்காரத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அது கடல்நீரிலும் நுரைக்கும். கப்பற்காரர்கள் அதனாலேயே அதை விரும்பினர். இந்தக் குணத்தையும் கொழுப்பையும் முதலாளிகள் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். 1830-ஐ ஒட்டி லண்டனில் எழுந்த பிரைஸ் மெழுகுதிரிக் கம்பனி, இலங்கையில் ஏறத்தாழ 1,000 ஏக்கர் தென்னந்தோட்டத்தில் முதலிட்டிருந்தது. சன்லைட் சவர்க்காரத்தால் செல்வம் குவித்த லீவர் சகோதரர்கள், 1911-இல் பெல்ஜியக் கொங்கோவில் பெரும் நிலச்சலுகை பெற்றனர். அங்கே செம்பனைக் குலை பறிப்பதற்குக் கட்டாய உழைப்பு நெடுங்காலம் நிலவியது. அதே கம்பனி 1938-இல் கொழும்பு கிராண்ட்பாஸில் தொழிற்சாலை அமைத்தது. வெண்மையின் பெயரால் விற்கப்பட்ட பொருளுக்குப் பின்னே இப்படியொரு கறை இருந்தது.

இன்று கார் கழுவும் 'ஷாம்பூ'ப் புட்டியின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். 'கோக்கோ' என்றும் 'லோரில்' என்றும் தொடங்கும் நீண்ட பெயர்கள் காணப்படும். அவை பெரும்பாலும் தென்னை அல்லது செம்பனை விதையின் எண்ணெயிலிருந்து பிறந்தவை. கொப்பறாவாகக் கரையை விட்டுப் போனது, புட்டிக்குள் புகுந்து, நறுமணம் ஏறி, பல மடங்கு விலையோடு கரைக்குத் திரும்பி வருகிறது. சொந்த மண்ணின் சவர்க்காரக் கட்டியையே காருக்குத் தேய்க்கலாமே என்று தேசாபிமானிகள் கேட்கலாம். நாமும் ஒரு காலத்தில் கேட்டதுண்டு. சவர்க்காரம் காரத்தன்மை உடையது. மெழுகுக் காப்பைக் கரைத்துவிடும். கற்பிட்டிக் கிணற்றின் வன்னீரிலுள்ள சுண்ணத்தோடு சேர்ந்து வெண்கசடாகப் படியும். ஆகவே நடுநிலையான ஷாம்பூவே காருக்கு ஏற்றது. சட்டி கழுவும் திரவமும் துணி துவைக்கும் தூளும் கொழுப்பை அறவே எடுப்பதற்கென்று செய்யப்பட்டவை. அவை உப்போடு காப்பையும் கொண்டுபோய்விடும்.

அடுத்தது மெழுகு. உயர்ந்த கார் மெழுகு என்று விளம்பரப்படுத்தப்படும் புட்டிகளில் 'கார்னோபா' என்ற பெயரைக் காணலாம். பிரேசிலின் வடகிழக்கில் சியாரா, பியாவி முதலிய வறண்ட மாநிலங்களில் வளரும் ஒரு பனையின் ஓலையில் படியும் மெழுகு இது. நம் பனைமரத்துக்குத் தூரத்து உறவு, விசிறி ஓலை. கொடிய வெயிலில் தன் நீரை இழக்காதிருக்க மரம் தனக்குப் பூசிக்கொண்ட காப்பு அது. எண்பது பாகை செல்சியஸைத் தாண்டினால்தான் உருகும். நெடிய கம்பின் நுனியில் கட்டிய அரிவாளால் ஓலையை அறுத்து, வெயிலில் உலர்த்தி, அடித்து, உதிரும் தூளைச் சேர்த்து உருக்குகிறார்கள். பனையேறிகளின் வாழ்வை அறிந்த நமக்கு அந்த உழைப்பை விளக்க வேண்டியதில்லை. 1935-இல் அமெரிக்காவின் ஜோன்சன் மெழுகுக் கம்பனியின் தலைவர், நீரிலும் நிலத்திலும் இறங்கும் விமானமொன்றில் ராசீன் நகரிலிருந்து பிரேசிலின் ஃபோர்ட்டலேசாவுக்குப் பறந்தார். மெழுகுப் பனையைத் தேடிய பயணம் என்று அது இன்றும் கொண்டாடப்படுகிறது. அந்தப் பனையின் அடியில் நின்ற மனிதனைத் தேடி ஒருவரும் பறக்கவில்லை. கார்னோபாத் தோப்புகளில் உழைப்போர் அடிமைகளுக்கு ஒப்பான நிலையில் வைக்கப்பட்டிருந்ததை பிரேசிலின் தொழில் பரிசோதகர்கள் கண்டு பலரை மீட்டனர். மினுக்கத்துக்காக இனிப்புப் பண்டங்களிலும் அந்த மெழுகு பூசப்படுவதால், 2017-இல் ஜெர்மன் தொலைக்காட்சி இதை வெளியிட்டபோது ஐரோப்பா திடுக்கிட்டது. கார்க்காரர்கள் திடுக்கிட்டதாகச் செய்தி இல்லை.

காரின் நிறத்துக்குள்ளே முத்தைப்போல் மின்னும் துகளும் அப்படியே. அது அப்பிரகம். பலவாறாக ஜார்கண்டின் கொடர்மா, கிரிடி மாவட்டங்களின் கைவிடப்பட்ட சுரங்கங்களில் சிறுவர்கள் பொறுக்கி எடுத்தது. அங்கே குழந்தைகள் மண் சரிந்து மாண்டதை 2016-இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொணர்ந்தது. கார்ப் பூச்சுக் கம்பனிகளும் அழகுசாதனக் கம்பனிகளும் பொறுப்பைப் பற்றிப் பேசின. 'லாக்கர்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேரும் அதே சோட்டாநாகபுரிக் காடுகளில் பழங்குடி மக்கள் கிளையிலிருந்து சுரண்டி எடுக்கும் அரக்கின் வடமொழிப் பெயரே என்பதை மொழி ஆசிரியர்கள் மாணவருக்குச் சொல்லலாம்.

நம் நாட்டில் வீட்டிலேயே காரைப் பேணும் பழக்கம் இவ்வளவு வேரூன்றியதற்கு அந்நியச் செலாவணியும் ஒரு காரணம். 1960-களின் தொடக்கத்தில் இறக்குமதி இறுகியது. 1977 வரை புதிய கார் என்பது பெரும்பாலோருக்குக் கனவே. மொரிஸ் மைனரும் ஒஸ்ரினும் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றன. பேருந்துகளை 1958-இல் அரசு ஏற்றுப் பொதுமக்களுக்கு ஒரு வழி செய்ததை நாம் வரவேற்கிறோம். ஆனால் கற்பிட்டி போன்ற ஓரத்து ஊர்களில் மாலைக்குப் பின் பேருந்தை எதிர்பார்த்து நின்றவர்களுக்குத்தான் அதன் குறையும் தெரியும். மீண்டும் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022-இல் நாடு கடனைச் செலுத்த இயலாது நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய காரின் விலை புதிய காரின் விலையாயிற்று. மாற்றமுடியாத பொருளைப் பேணத்தானே வேண்டும்! இந்நிலையில் காரை மினுக்குவதை வெறும் பகட்டு என்று நாம் தள்ளிவிட மாட்டோம். ஓர் ஆசிரியக் குடும்பத்துக்கு அது பல ஆண்டுச் சேமிப்பு. முச்சக்கர வண்டிச் சாரதிக்கு அதுவே சோறு.

எனினும் கழுவிய நீர் எங்கே போகிறது? கற்பிட்டிக்கு இதுவே தலையாய கேள்வி என்போம். இத்தீபகற்பத்தில் ஆறு இல்லை. மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. ஊர் முழுவதும் அதைத்தான் அள்ளுகிறது. வெங்காயமும் மிளகாயும் அதைத்தான் குடிக்கின்றன. மணல் எதையும் நெடுநேரம் பிடித்து வைப்பதில்லை. தோட்டங்களுக்கு இடும் உரத்திலிருந்து நைத்திரேற்று கிணறுகளுக்குள் இறங்கி, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைப் பல இடங்களில் தாண்டியதை 1980-களிலிருந்தே ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். அது கார் கழுவியதால் வந்ததன்று. ஆனால் மேலே ஊற்றியது கீழே கிணற்றுக்கு வரும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இத்தகைய மணற்கரை ஒன்று உலகின் மறுகோடியில் இதே பாடத்தைப் படித்தது. நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலண்டில், சஃபோக் மாவட்டத்து மக்களும் வீட்டருகே மணற்கிணற்று நீரையே குடித்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கைச் சலவைப் பொருள்கள் பரவின. கழிவுநீர் மணலில் இறங்கியது. சில ஆண்டுகளில் சமையலறைக் குழாயைத் திறந்தால் குவளையில் நுரை எழுந்தது. அக்காலத்துச் சலவைப் பொருளின் மூலக்கூறு கிளைவிட்ட அமைப்புடையது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் அதை எளிதில் உண்ண முடியவில்லை. மேற்கு ஜெர்மனி 1961-இல் இதற்கு எதிராகச் சட்டம் செய்தது. அமெரிக்கக் கம்பனிகள் 1965-இல் எளிதில் சிதையும் நேர்ச்சங்கிலி வகைக்கு மாறின. அதன் பின்னும் மனம் ஆறாத சஃபோக் மாவட்டம் 1971-இல் பெரும்பாலான சலவைப் பொருள்களின் விற்பனையையே தடை செய்தது. கம்பனிகள் கூச்சலிட்டன. குவளையிலே நுரையைக் கண்ட மக்களிடம் அந்தக் கூச்சல் எடுபடவில்லை.

கற்பிட்டியில் நன்னீருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000-க்கு மேற்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தனர். மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வெறுங்கையோடு வந்தவர்கள் ஓலைக் குடிசைகளில் குடியேறி, குடத்துக்கும் கிணற்றுக்கும் இடையே வரிசையில் நின்றார்கள். வந்தாரை ஏற்ற ஊராரும் அதே நீரைத்தான் பங்கிட்டுக் கொடுத்தனர். நிமிடத்துக்கு 15 லீற்றர் விடும் இறப்பர்க் குழாயை இருபது நிமிடம் திறந்து வைத்தால் 300 லீற்றர் ஓடிவிடும். இரண்டு வாளியில் அதே வேலை நாற்பது லீற்றருக்குள் முடியும். அளவுக்கு மிஞ்சி நன்னீரை இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலே ஏறிவிடும். அப்புறம் அந்தக் கிணற்று நீரால் காரையும் கழுவ முடியாது.

காரின் மேல் படிவது உப்பு மட்டுமன்று. நுரைச்சோலையில் 2011-இல் தொடங்கி 2014-இல் 900 மெகாவாற்றாக நிறைவெய்திய நிலக்கரி மின்னிலையத்தின் தூசியையும் சாம்பலையும் பற்றிச் சுற்றுப்புற மக்கள் தொடர்ந்து முறையிட்டு வருகிறார்கள். அந்தச் சாம்பலின் நுண்மணிகள் கண்ணாடியை ஒத்தவை. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் அதுவே உப்புத்தாளாகிவிடும். பூச்சில் சிலந்திவலைபோல் கீறல் விழும். முதலில் நீரால் நனைத்து இறக்கிய பின்னரே கை வைக்கவேண்டும். காருக்கு இவ்வளவு கவனம் சொல்கிறோம். அதே தூசி படியும் பள்ளிக்கூட முற்றத்தில் குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். அவர்களுக்குப் பூச மெழுகு இல்லை.

ஆதலால் தெரிவு செய்யும்போது எதை வாங்குவது? நம்முடைய பட்டியல் கடைக்காரருக்கு மகிழ்ச்சி தராது. மழைக்காலத்தில் கூரைநீரைப் பிடித்து வைத்தால் அதைவிடச் சிறந்த கழுவுநீர் இல்லை. வன்னீர்போல் வெண்புள்ளி விடாது. இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பூ நீர், மற்றதில் துணியை அலசும் வெறுநீர். இந்தச் சிறு பிரிவினையால் மணல் மறுபடி பூச்சுக்கு ஏறாது. பொஸ்பேற்று இல்லாததும், உயிரியல்முறையில் சிதைவதாகக் குறிக்கப்பட்டதுமான நடுநிலை ஷாம்பூ, ஒரு வாளிக்கு ஒரு மூடி போதும். நுரை மிகுந்தால் அழுக்கு மிகப் போகும் என்பது விளம்பரம் கற்பித்த மூடநம்பிக்கை. தும்பை ரயருக்கும் கால்மிதிக்கும் வைத்துக்கொள்ளலாம். பூச்சுக்கு அது பகை. மைக்ரோபைபர் என்னும் நுண்ணிழைத் துணி நன்று. ஆனால் அது நெகிழி. துவைக்கும்போது இழை உதிர்கிறது. பலமுறை துவைத்து மென்மையான பழைய பருத்திப் பனியன், தையலை வெட்டி எடுத்துவிட்டால், ஈரம் ஒற்றுவதற்கு நன்றாகவே உதவும். கழுவுவது கிணற்றுக்கு எட்டத்தில், நிழலில், வெயில் ஏறுமுன் நடக்கட்டும்.

சில்லு துலக்கும் திரவத்தில் மட்டும் எச்சரிக்கையைத் தளர்த்தக்கூடாது. அவற்றுட் சில ஹைட்ரோபுளோரிக் அமிலமோ அமோனியம் பைபுளோரைட்டோ கொண்டவை. தோலில் பட்டவுடன் பெரிய எரிச்சல் தெரியாமல் உள்ளே இறங்கி எலும்பின் சுண்ணத்தைப் பற்றுவது அந்த அமிலத்தின் குணம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2001 முதல் 2013 வரை வாகனங்களைக் கழுவும் தொழிலாளர் பலர் இதனால் காயமுற்றதையும் உயிரிழப்பு நேர்ந்ததையும் சுகாதார அதிகாரிகள் பதிவு செய்துள்ளனர். லேபிளில் உள்ளடக்கம் எழுதாமல், இலக்கமிட்ட கானில் மலிவாகக் கிடைக்கும் எந்த அமிலத்தையும் வாங்க வேண்டாம்; வேலைக்கு வரும் பையனிடம் கொடுக்கவே வேண்டாம். சில்லுக்கு ஷாம்பூ நீரும் பழைய பல்துலக்கியும் போதும்.

உராய்பொடி கலந்த பொலிஷ், கீறல் கண்ணை உறுத்தினால் சில ஆண்டுக்கு ஒருமுறை. மெழுகு, ஆண்டுக்கு மூன்று நான்கு முறை. விலையுயர்ந்த புட்டிக்கும் நடுத்தரப் புட்டிக்கும் உப்பைத் தடுப்பதில் கடைக்காரர் சொல்லும் அளவு வேறுபாடு இல்லை. எத்தனை முறை பூசுகிறோம் என்பதே கணக்கு. நீர் மணிமணியாக உருளாமல் படர்ந்து நின்றால் காப்புப் போய்விட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

இவற்றையெல்லாம் செய்த பின்னும் ஒன்று எஞ்சுகிறது. பழுதுபார்க்கும் கொட்டகை ஒன்றில் ஒரு காரை நாம் கண்டோம். மேலே முகம் பார்க்கலாம்; அவ்வளவு மினுக்கம். உயர்த்தி நிறுத்தி, அடித்தட்டில் மெக்கானிக் திருப்புளியை வைத்து அழுத்தினார். அது தகட்டைத் துளைத்துக்கொண்டு இருக்கைக்கு அடியில் வெளிவந்தது. உப்பு ஈரத்தை ஈர்த்து வைக்கும். வெயில் படாத அடிப்பாகத்திலும் கதவின் கீழ் மடிப்பிலும்தான் அது குடியிருக்கும். கடற்கரை மணலில் ஓட்டிய பின் பலர் கதவையும் கண்ணாடியையும் துடைத்துவிட்டு அடியை மறந்துவிடுகிறார்கள். மறவாதவர்கள் சிலரோ பழைய இயந்திர எண்ணெயை அடியில் பூசுகிறார்கள். அது துருவைத் தடுக்கும், மெய்தான். சொட்டுச் சொட்டாக மணலில் வடிந்து கிணற்றுக்கும் போகும். மெழுகாலான, அல்லது ஆட்டுரோமக் கொழுப்பாலான அடிப்பூச்சு கடைகளில் கிடைக்கிறது. சுறா எண்ணெய் பூசிய படகோட்டிகள் செய்த அதே வேலையை அது செய்கிறது. நாற்றம் மட்டும் குறைவு. சித்திரை முடியுமுன், சோளகம் எழுமுன், அடியைக் கழுவி, இரண்டு நாள் உலரவிட்டு, அதைப் பூசவேண்டும். மேலே மெழுகு பூசுவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம்.